ஓரம் யாருக்கு? நடைபாதை வாகன நிறுத்தத்தில் விதியும் விலக்கும்

1. கேள்வி

"வண்டியை ஓரமா நிறுத்துங்க." சென்னையில் போக்குவரத்துக் காவலர் சொல்வதும், கடை வாசலில் காவல் நிற்பவர் சொல்வதும், பிள்ளைக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தரும் தகப்பன் சொல்வதும் இதுதான். பிறர் வழியை மறிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வாக்கியம். ஆனால் அந்தப் 'பிறர்' யார் என்று கேட்டால், பின்னால் வரும் இன்னொரு வண்டிக்காரர்தான். ஓரத்தில் நடந்து வருபவர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. தார்ச்சாலைக்கும் மதில் சுவருக்கும் இடையே உள்ள நடைபாதையும் மண் ஓரமும் யாருக்கும் சொந்தமில்லாத காலியிடம் என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது.

தியாகராய நகரின் உள்தெரு ஒன்றில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். காய்கறிப் பையுடன் ஒரு மூதாட்டி நடைபாதையில் வருகிறார். நாலு வீடு தாண்டியதும் குறுக்கே ஒரு கார். அதன் மூக்கு மதிலைத் தொடுகிறது, பின்சக்கரம் கல்விளிம்பில் நிற்கிறது. அவர் பையைக் கை மாற்றுகிறார். காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்து, அடுத்த காலை இறக்குகிறார். இடப்பக்கமாகவே நடப்பதால் வாகனங்கள் அவருக்குப் பின்னாலிருந்து வருகின்றன. எனவே முன்னால் பார்த்து நடக்க வேண்டியவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி நடக்கிறார். காரைக் கடந்ததும் மீண்டும் ஏற வேண்டும். அங்கே மூன்று மோட்டார் சைக்கிள்கள். அவர் ஏறவில்லை, தெருக்கோடி வரை தார்ச்சாலையிலேயே போய்விடுகிறார்.

இந்தக் கட்டுரை ஆராய விரும்புவது ஒரே ஒரு கேள்வியை. நடைபாதையில் வண்டி நிறுத்துவதை எங்கும் தடை செய்துவிட்டு, தவிர்க்க முடியாத இடங்களை மட்டும் விலக்காக அறிவிப்பதா? அல்லது பொதுவாக விட்டுவிட்டு, தேவைப்படும் தெருக்களில் மட்டும் உள்ளூர் அளவில் தடை விதிப்பதா? எது விதி, எது விலக்கு என்பது வெறும் சட்ட நுணுக்கம் என்று தோன்றலாம். அந்த மூதாட்டி இறங்க வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான் என்பது என் வாதம்.

2. நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த சாலை விதிமுறைகள், நடைபாதையில் வண்டி ஓட்டுவதையும் நிறுத்துவதையும் தடுத்தன. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளும் அந்தத் தடையைக் கைவிடவில்லை. இந்தத் தடைக்குத் தெரு வேறுபாடு கிடையாது. பலகை இருந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனையும் கிடையாது.

அதே சட்டத்தின் 117ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கக்கூடிய இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் வகையில் வண்டியை விட்டுச் செல்வதை 122ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படி நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல 127ஆவது பிரிவு இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டன. பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், மீண்டும் செய்தால் 1,500 ரூபாய்.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், நடைபாதைகள் மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும், அவற்றிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவது கட்டாயம் என்றும் அது கூறியது.

ஆக, ஏட்டளவில் நம் விதி 'எங்கும் கூடாது' என்பதே. இந்த விதி தெருவுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை விளங்கிக்கொள்ள, இதே கேள்வியோடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டும் ஒரு நாட்டைப் பார்ப்பது உதவும்.

3. பிரிட்டனின் அனுபவம்: ஒரு நாடு, எதிரெதிர் விதிகள்

லண்டன் பெருநகர மன்றத்தின் பொது அதிகாரங்கள் சட்டம் 1974இல் வந்தது. அதன் 15ஆவது பிரிவு, நகரம் முழுவதும் நடைபாதையிலும் சாலையோரப் புல்தரையிலும் வண்டி நிறுத்துவதைத் தடை செய்தது. மிகக் குறுகிய பழைய தெருக்களில் வேறு வழியே இல்லை என்று உள்ளூர் மன்றம் கருதினால், தீர்மானம் போட்டு விலக்கு அளிக்கலாம். அங்கே இரண்டு சக்கரம் மேலேயும் இரண்டு சக்கரம் கீழேயுமாக நிறுத்தலாம் என்று காட்டும் நீலப் பலகை வைப்பார்கள். தரையில் வெள்ளைக் கோட்டால் கட்டமும் வரைவார்கள். இதில் கவனிக்க வேண்டியது பலகை இருக்கும் இடம். தடைக்குப் பலகை இல்லை, அனுமதிக்குத்தான் பலகை. பலகை இல்லாத தெருவுக்கு 'கூடாது' என்று ஒரே பொருள்.

லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்தின் பிற பகுதிகளில், இதற்கு நேரெதிரான ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்தது. நடைபாதையில் வண்டியை ஓட்டுவது 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படியே குற்றம். ஆனால் நிறுத்துவதற்குப் பொதுத்தடை இல்லை. ஒரு தெருவில் தடுக்க வேண்டுமானால், உள்ளூர் மன்றம் அந்தத் தெருவுக்கென்றே 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் ஓர் ஆணை தயாரித்து, அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, பலகை நட வேண்டும். அடுத்த தெருவுக்கு இதே வேலை மறுபடியும். நாடு முழுவதற்குமான தடை ஒன்றை நாடாளுமன்றம் அதே 1974இல் சட்டத்தில் எழுதத்தான் செய்தது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையிலான தூரத்தை அந்நாட்டுச் சாலை விதிக் கையேட்டின் 244ஆவது விதி இரண்டு வினைச்சொற்களில் காட்டியது. லண்டனில் நடைபாதையில் நிறுத்தவே கூடாது என்றது. மற்ற இடங்களில், பலகை அனுமதித்தாலன்றி, நிறுத்தாமலிருக்க வேண்டும் என்றது. முன்னது சட்டக் கட்டளை. பின்னது அறிவுரை.

இந்த வேறுபாடு நியாயமா என்ற விவாதம் அங்கே நீண்டது. நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2019இல், லண்டனைப் போன்ற தடை இங்கிலாந்து முழுவதும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு 2020இல் மூன்று வழிகளை மக்கள் கருத்துக்கு வைத்தது: உள்ளூர் ஆணை போடும் முறையை எளிதாக்குவது, தேவையின்றி நடைபாதையை மறிப்பதற்கு உள்ளூர் மன்றமே அபராதம் விதிப்பது, லண்டன் வகைத் தடையை நாடெங்கும் விரிப்பது. இவற்றில் முதலாவது பழைய ஏற்பாட்டுக்கு எண்ணெய் போடுவது. மூன்றாவது ஏற்பாட்டையே திருப்பிப் போடுவது.

ஸ்காட்லாந்து திருப்பிப் போட்டது. அதன் 2019ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் நடைபாதை நிறுத்தத்தைப் பொதுவாகத் தடை செய்தது. அபராதம் விதிக்கும் அதிகாரம் 2023 டிசம்பரில் உள்ளூர் மன்றங்களின் கைக்கு வந்தது. எடின்பரோ 2024 ஜனவரி 29 அன்று நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அபராதம் 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. விலக்குக்கும் அளவுகோல் உண்டு. சரக்கு இறக்கும் வண்டி ஏறி நிற்க வேண்டியிருந்தால், நடப்பவருக்கு ஒன்றரை மீட்டர் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதாவது வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதிலிருந்து கணக்கு தொடங்கவில்லை. நடப்பவருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது.

இந்த அனுபவங்களிலிருந்து பெறக்கூடிய முடிவு ஒன்று. உள்ளூர்த் தடைகள் எத்தனை போட்டாலும், பொதுவிதி அனுமதியாக இருக்கும்வரை, நடைபாதை வேண்டும் என்று நிரூபிக்கும் சுமை நடப்பவர் தலையில்தான் விழுகிறது. பொதுவிதி தடையாக இருந்தால், விலக்கு வேண்டும் என்று நிரூபிக்கும் சுமை வண்டி வைத்திருப்பவருக்கு மாறுகிறது.

4. சென்னையில் தலைகீழான விதி

சட்டப்படி நாம் லண்டனின் பக்கம் நிற்கிறோம். நடைமுறையில் லண்டனுக்கு வெளியே இருந்த பழைய இங்கிலாந்தைப்போல் நடந்துகொள்கிறோம். இந்தத் தலைகீழ் மாற்றத்தை எந்தச் சட்டமன்றமும் செய்யவில்லை. 'நோ பார்க்கிங்' பலகைதான் செய்தது.

சில முக்கியச் சாலைகளில், சில இடங்களில், காவல்துறை இந்தப் பலகையை வைக்கிறது. அது சாலைக்கான பலகை. அந்த இடத்தில் சாலையிலும் நிறுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் வண்டிக்காரர் அதை வேறு விதமாகப் படிக்கிறார்: பலகை இல்லாத இடத்தில் நிறுத்தலாம், அதுவும் சாலையை மறிக்காமல் நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால் அது நல்லொழுக்கம். "போர்டு எங்க சார் இருக்கு?" என்ற கேள்வி நம் தெருக்களில் எதிர்வாதமாகவே எடுபடுகிறது. எங்கும் உள்ள தடை, பலகை உள்ள இடத்தில் மட்டும் உள்ள தடையாகச் சுருங்கிவிட்டது.

வீட்டுக்காரர்கள் தொங்கவிடும் பலகைகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 'கேட்டுக்கு முன் வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்ற தகரப் பலகைக்குச் சட்ட வலு ஏதுமில்லை. ஆனாலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. வண்டிகள் அந்தக் கேட்டைவிட்டுத் தள்ளி நிற்கின்றன. எங்கே? அடுத்த வீட்டு மதிலோரம், நடைபாதையில். வீட்டுக்காரரின் கார் வெளியே வர வழி கிடைத்துவிடுகிறது. நடப்பவரின் வழியைக் காக்க மட்டும் யாரும் பலகை தொங்கவிடுவதில்லை.

நிர்வாகப் பிரிவினையும் இதற்குத் துணைபோகிறது. நடைபாதையைக் கட்டுவதும் பராமரிப்பதும் மாநகராட்சி. அதன்மேல் நிற்கும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் விதிப்பது போக்குவரத்துக் காவல். காவல்துறையின் அன்றாடக் கவலை வாகன ஓட்டம் தடைபடாமலிருப்பது. நடைபாதையில் ஏறி நிற்கும் கார் அந்த ஓட்டத்தைத் தடுப்பதில்லை. இன்னும் சொன்னால், சாலையை அகலமாக்கித் தருகிறது. ஆகவே அந்தக் கார் காவல்துறைக்குத் தன் வேலையாகத் தெரிவதில்லை, மாநகராட்சிக்குத் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதாகத் தெரிவதில்லை.

5. வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம்: இடம் இல்லை, வண்டிகள் பெருகிவிட்டன, வேறெங்கே நிறுத்துவது? இதில் உண்மை இருக்கிறது. பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்கள் காருக்காகக் கட்டப்பட்டவையல்ல. ஆனால் இந்த விளக்கம் ஒரு முன்முடிவோடு வருகிறது: வண்டி வாங்குபவருக்கு அதை வைக்க இடம் தேடித்தருவது ஊரின் கடமை என்று. ஜப்பான் 1962லேயே வேறு பதிலைச் சட்டமாக்கியது. அங்கே காரைப் பதிவு செய்ய, அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்ற சான்றைக் காட்ட வேண்டும். இடப்பற்றாக்குறை இயற்கை விதி ஆகாது. யாருடைய தேவையை முதலில் கணக்கில் எடுக்கிறோம் என்பதன் விளைவு அது.

இரண்டாம் விளக்கம்: மக்களுக்குக் குடிமை உணர்வு இல்லை. இது எளிதில் சொல்லப்படுவது, எதையும் விளக்காதது. முன்பே சொன்னதுபோல, நடைபாதையில் ஏற்றி நிறுத்துபவர் பெரும்பாலும் ஓரமாக நிறுத்தும் பண்போடுதான் நிறுத்துகிறார். அவருக்கு உணர்வு இருக்கிறது. அந்த உணர்வின் எல்லைக்குள் நடப்பவர் இல்லை. எல்லையை விரிப்பதற்கு அறிவுரை போதாது.

மூன்றாம் விளக்கம்: அபராதம் போதாது, கண்காணிப்பு போதாது. மூன்றிலும் வலுவானது இதுவே. என்றாலும் அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும், எது விதி என்பதில் ஊருக்கே ஒருமித்த புரிதல் இல்லாதபோது, ஒவ்வோர் அபராதமும் அநியாயமாகவே உணரப்படும். "இத்தனை வண்டி நிற்குது, என் வண்டிக்கு மட்டும் ஏன்?" என்பவரின் ஆதங்கம் போலியானதல்ல. நேற்றுவரை அனுமதியாக இருந்தது இன்று திடீரென்று குற்றமாவதாக அவர் உணர்கிறார்.

மூன்று விளக்கங்களும் நடப்பவரின் இழப்பை அளப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் நடைபாதை மறிக்கப்பட்டதால் சாலையில் இறங்கியவர்கள் என்று அந்த அட்டவணைகள் பிரித்துக் காட்டுவதில்லை. வண்டி மோதிய இடம் பதிவாகிறது. அவரை அங்கே இறக்கிவிட்ட வண்டி பதிவாவதில்லை.

6. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்

நம் செய்திகளில் 'நடைபாதை ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று வந்தால், வாசகர் மனத்தில் எழும் சித்திரம் பூக்கடை, இட்லிக்கடை, பழவண்டி. கார் எழுவதில்லை. இந்தச் சொற்பழக்கத்தில் ஓர் அநீதி இருக்கிறது.

நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடைபாதை நடப்பதற்கே உரியது என்றது; கூடவே, வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றும் ஒப்புக்கொண்டது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் இந்த இரண்டையும் இணைக்க முயன்றது. வியாபாரி கணக்கெடுக்கப்பட வேண்டும், சான்றிதழ் பெற வேண்டும், நகர விற்பனைக் குழு ஒதுக்கிய இடத்தில் இருக்க வேண்டும்.

நிறுத்தப்பட்ட கார் பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஏழு சதுர மீட்டர். அதற்குச் சான்றிதழ் கிடையாது, குழு கிடையாது. பெரும்பாலான தெருக்களில் வாடகையும் கிடையாது. நாளெல்லாம் ஆளில்லாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கோணிப்பை விரித்துக் கீரை விற்பவர் தம் பிழைப்புக்காக அதே நடைபாதையில் இருக்கிறார்; அவரிடம் பல காகிதங்கள் கேட்கப்படுகின்றன. பொது இடத்தைத் தனியார் பயன்படுத்துவதற்கு விதி வேண்டும் என்றால், அந்த விதி வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழையின் கூடையில் தொடங்கிக் காரின் முன்னால் முடிந்துவிடும் ஒழுங்கை ஒழுங்கு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

7. கட்டுமானம் எவ்வளவு தூரம் உதவும்?

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இப்படி ஒரு கொள்கையை முந்தி ஏற்ற இந்திய நகரங்களில் சென்னை ஒன்று என்பது பெருமைக்குரியது. அதன் தொடர்ச்சியாகப் பல சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின. பாண்டி பஜாரின் தியாகராய சாலை 2019 நவம்பரில் நடப்போர் வளாகமாகத் திறக்கப்பட்டது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடி நடக்க முடிகிற சாலை நம் ஊரிலும் சாத்தியம் என்று அது காட்டியது.

ஆனால் கல்லும் தூணும் மட்டுமே விதியைக் காப்பாற்றிவிடாது. நடைபாதைத் தொடக்கத்தில் நடப்படும் உலோகத் தூண்களைப் பாருங்கள். அவை காரை நிறுத்துகின்றன. சக்கர நாற்காலி தடையின்றிப் போக ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டரும் புகுந்துவிடும். ஸ்கூட்டர் நுழையக் கூடாது என்று தூண்களை நெருக்கினால், நாற்காலியில் வருபவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் வரிக்கற்களுக்கும் இதே கதி. வெண்கோலோடு அந்த வரியை நம்பி வருபவரின் கோல் முனை, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் முட்டி நிற்கிறது. அந்தக் கற்களைப் பதித்தவர்கள் அவருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அதைக் காப்பாற்ற வேண்டிய விதிதான் அங்கே இல்லை.

சாலைத் தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்கிறது. 'தடையற்ற' என்ற அடைமொழிதான் அதன் உயிர். மூன்று மீட்டரில் நடைபாதை கட்டி அதில் காரை ஏற்றிவிட்டால், வரைபடத்தில் மூன்று மீட்டர் இருக்கும். நடப்பவருக்கு ஒன்றும் இருக்காது.

8. பலகையைத் திருப்பி வைப்பது

இதுவரை பார்த்தவற்றிலிருந்து என் முடிவு இது. நமக்குப் புதிய தடைச்சட்டம் தேவையில்லை. இருக்கிற தடையை மீண்டும் பொதுவிதியாக நிலைநாட்ட வேண்டும். அதற்கு முதல் வேலை, பலகை எதைச் சொல்கிறது என்பதை மாற்றுவது. 'இங்கே நிறுத்தாதே' என்ற பலகைகளைப் பெருக்கிக்கொண்டே போகாமல், நிறுத்தக்கூடிய இடங்களைத் தார்ச்சாலையில் கோடு போட்டுக் கட்டமாக வரைந்து, அங்கே மட்டும் பலகை வைக்க வேண்டும். 117ஆவது பிரிவு தரும் அதிகாரம் இதற்குத்தான் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே உள்ளதெல்லாம் நிறுத்தக் கூடாத இடம் என்று ஊர் அறிய வேண்டும்.

இரண்டாவது, விலக்குகள் வெளிப்படையாக வர வேண்டும். எல்லாத் தெருவிலும் இது உடனே முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாலு மீட்டர் அகலச் சந்தில் ஆம்புலன்ஸ் போக வழி வேண்டுமென்றால், வண்டியின் இரு சக்கரங்கள் ஓரத்தில் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கலாம். அப்படிப்பட்ட தெருக்களை வார்டு குழுவும் பகுதி சபையும் கூடிப் பேசி, நடப்பவருக்கு இத்தனை அகலம் மிஞ்ச வேண்டும் என்ற அளவுகோலோடு, பட்டியல் போட்டு அறிவிக்கலாம். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி தமிழக நகரங்களில் உருவான இந்தச் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. உள்ளூர் அதிகாரத்தின் இடம் இங்கேதான்: உரிமையைத் தருவதா வேண்டாமா என்பதில் அல்ல, விலக்கை எவ்வளவு சுருக்கலாம் என்பதில்.

மூன்றாவது, நடைபாதையைக் கட்டுபவரும் காப்பவரும் ஒருவராக வேண்டும். லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் அபராதச் சீட்டு உள்ளூர் மன்றத்தின் கையில் இருக்கிறது. இங்கேயும் மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் வேண்டும். கிடைக்கும் தொகை நடைபாதைக்கே திரும்ப வேண்டும்.

இவை நடந்தனவா என்று அறிய ஆய்வறிக்கை தேவைப்படாது. தியாகராய நகரின் அதே உள்தெருவில், அதே மாலை ஆறு மணிக்கு, தெருக்கோடி வரை அந்த மூதாட்டி எத்தனை முறை கீழே இறங்குகிறார் என்று எண்ணினால் போதும். இன்று அவர் ஏறி இறங்குவதை விட்டுவிட்டுச் சாலையிலேயே நடக்கிறார். ஒருமுறைகூட இறங்காமல், கழுத்தைத் திருப்பாமல், பையைக் கை மாற்றாமல் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் நாளில், 1989இலேயே எழுதப்பட்ட விதி நம் தெருவுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.